சித்திரை வெயிலைத் தாங்கும் வீடு: மனை பார்ப்பது முதல் மொட்டை மாடி ஓடு வரை

எங்கள் வீட்டு வரைபடத்துக்கு நான் இரண்டு முறை பணம் கட்டினேன். மதுரைக்கு வெளியே 30க்கு 60 அடி மனை, மேற்கே சாலை. முதல் வரைபடத்தில் முன்னறைக்கு மேற்கே பார்த்து 8 அடி அகலக் கண்ணாடி ஜன்னல் இருந்தது. கணினிப் படத்தில் மிக அழகாகத் தெரிந்தது. அனுமதியும் வாங்கிவிட்டோம். கயிறு கட்டி அஸ்திவாரம் குறிக்க வந்த கொத்தனார்தான் வெயிலில் நின்று சொன்னார்: “தம்பி, சாயங்காலம் இந்த அறையில் யாரும் உட்கார முடியாது.” அன்று மாலை நானும் என் மனைவியும் அதே இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தோம். பத்து நிமிடம் தாங்கவில்லை. வேலையை நிறுத்தி, வேறு வரைபடம் போட்டு, மறுபடி விண்ணப்பித்தோம். ஐந்து மாதமும் ஒரு பெரிய தொகையும் போயின.

தையில் தொடங்கி அடுத்த தையில் குடிபுகுந்தோம். புது வீட்டில் முதல் அக்கினி நட்சத்திரத்தைக் கடந்த பிறகு இதை எழுதுகிறேன். வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்ற வீடு என்றால் கூடுதல் செலவு என்று நினைத்திருந்தேன். வெயிலைப் பற்றிய பெரிய முடிவுகளில் பாதிக்கு மேல் காசே கேட்பதில்லை. ஆனால் அவற்றை அனுமதிக்கு அனுப்புவதற்கு முன் எடுத்தாக வேண்டும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். நான் சொல்வது மதுரை, திருச்சி, விருதுநகர் போன்ற உள்மாவட்டங்களுக்கு. கடற்கரைக்கும் மலைக்கும் எது மாறும் என்று இடையில் சொல்கிறேன்.

1. மனைக்கு மாலை நான்கு மணிக்குப் போங்கள்

மனை பார்க்க எல்லோரும் காலையில்தான் போகிறார்கள். நீங்கள் மாலை நான்கு மணிக்குப் போங்கள், முடிந்தால் சித்திரை, வைகாசியில். ஒரு நோட்டுப் புத்தகம், 20 அடி டேப், திசைகாட்டி, ஊதுபத்தி, ஆறடிக் கம்பு ஒன்று போதும். கைப்பேசித் திசைகாட்டி பக்கத்தில் இரும்பு இருந்தால் பிசகும். இரண்டு இடத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

கம்பை நட்டு காலை 9, பகல் 12, மாலை 4 ஆகிய நேரங்களில் நிழலின் திசையையும் நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுச் சுவரின் உயரம், உங்கள் எல்லையிலிருந்து அதன் தூரம், அவர்கள் நிழல் உங்கள் மனையில் எதுவரை விழுகிறது என்பதையும் எழுதுங்கள். பக்கத்து மனை காலியாக இருந்தால் நாளை அங்கே இரண்டு மாடி எழும் என்றே கணக்கிடுங்கள். காலி மனையை நம்பி ஜன்னல் வைத்த உறவினர் ஒருவர் வீட்டில் இன்று அந்த ஜன்னலைத் திறந்தால் கை நீட்டும் தூரத்தில் சுவர்.

ஊதுபத்தி காற்றுக்காக. நெஞ்சு உயரத்தில் பிடித்துப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று நான்கு மூலைகளிலும் பாருங்கள். எங்கள் பக்கத்தில் ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் காற்று வரும். கோடை மாலைகளில் தென்கிழக்கிலிருந்து கொஞ்சம் வரும். உங்கள் ஊரில் எப்படி என்று அங்கேயே விவசாயம் செய்யும் ஒருவரைக் கேட்டால் போதும். தூற்றுவதற்கு எந்தப் பக்கம் நிற்பார்கள் என்பதை அவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்.

கரிசல் மண்ணாக இருந்தால் மண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கரிசல் மழையில் உப்பி, கோடையில் சுருங்கி வெடிக்கும். அஸ்திவாரச் செலவு அதனால் ஏறும். அந்தத் தொகை தெரியாமல் மற்ற எதற்கும் கணக்குப் போட முடியாது.

2. காகிதங்களை ஓரிடத்தில் சேருங்கள்

இதில் அவசரப்பட்டால் பின்னால் எல்லாம் நிற்கும். தேவைப்படுபவை: உங்கள் பெயரில் பதிவான பத்திரம், தாய்ப்பத்திரம் (முந்தைய உரிமையாளர்களின் பத்திரம்), உங்கள் பெயருக்கு மாறிய பட்டா, புலப்படம் (மனையின் நில அளவை வரைபடம்), வில்லங்கச் சான்றிதழ், மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் கிடைத்த ஆணையின் நகலும் மனைப்பிரிவு வரைபடமும், ஆதார், மனையின் புகைப்படம்.

இரண்டு இடத்தில் பெரும்பாலோர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, பத்திரம் பதிந்துவிட்டோம் என்று பட்டா மாற்றாமல் விட்டுவிடுவது. உட்பிரிவு செய்ய வேண்டிய பட்டா என்றால் நில அளவையர் வந்து அளந்த பிறகுதான் மாறும். மனை வாங்கிய வாரமே விண்ணப்பியுங்கள். இரண்டு, அங்கீகாரம் இல்லாத மனை. 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளை முறைப்படுத்தி அங்கீகரிக்கும் வரன்முறைத் திட்டம் 2017இல் வந்தது. உங்கள் மனை அப்படிப்பட்டதா, வரன்முறை ஆணை கையில் இருக்கிறதா என்று விற்பவரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

பத்திரத்தில் உள்ள அளவும் தரையில் உள்ள அளவும் ஒன்றுதானா என்று டேப் பிடித்துப் பாருங்கள். எங்கள் மனை ஒரு பக்கம் 9 அங்குலம் குறைந்தது. சிறிய விஷயம்தான், ஆனால் பக்கவாட்டில் விட வேண்டிய காலியிடத்தில் அது பெரிய விஷயமாகிவிட்டது.

3. வரைபவரை, அவர் கட்டிய வீட்டில் வைத்துத் தேர்ந்தெடுங்கள்

கட்டடக் கலைஞரோ பொறியாளரோ, அவர் ஏற்கெனவே கட்டிய வீடு ஒன்றின் மேல்தளத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு அரை மணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். ஏசியை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். அந்த வீட்டுக்காரரிடம் இரண்டு மாத மின்கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். படங்களைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். நான் அப்படித்தான் முதல் முறை தவறினேன்.

கட்டணத்தைச் சதுர அடிக்கு இவ்வளவு என்றோ மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்றோ கேட்பார்கள். எதுவானாலும், எத்தனை முறை வரைபடம் மாற்றித் தருவார், கட்டும்போது எத்தனை முறை நேரில் வருவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சன்ஷேடுக்கும் ஜன்னலுக்கும் கூரைக்கும் தனித்தனியாகக் குறுக்குவெட்டுப் படம் தருவாரா என்பதையும் அதில் சேருங்கள். இந்தக் குறுக்குவெட்டுப் படங்கள் இல்லாவிட்டால் கொத்தனார் தமக்குப் பழகியபடி கட்டிவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

4. அறைகளை வெயில் பார்த்து அடுக்குங்கள்

சூரியனைப் பற்றி ஒரு செய்தியை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட நான்கு மாதங்களும் அது நமக்கு வடக்கே இருக்கும். மார்கழியில்தான் நன்றாகத் தெற்கே சாயும். வடநாட்டுப் புத்தகங்களைப் பார்த்து “தெற்கு வெயில், வடக்கு நிழல்” என்று வரைபவர்கள் இருக்கிறார்கள். நம் ஊர்க் கோடைக்கு அது பொருந்தாது. இங்கே வீட்டைச் சுடவைப்பவை மூன்று: முதலில் கூரை, அடுத்து மேற்குச் சுவர், அதற்கடுத்துக் கிழக்குச் சுவர். வடக்கும் தெற்கும் எளிதில் நிழலாக்கக்கூடிய பக்கங்கள்.

ஆகவே வீட்டின் நீளம் கிழக்கு மேற்காக ஓடட்டும். நீண்ட சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும், மேற்குச் சுவர் குறுகியதாகிவிடும். எங்கள் மனையின் 30 அடிப் பக்கம் மேற்கே இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். 60 அடிப் பக்கம் மேற்கே இருக்கும் மனை என்றால் வீட்டையே இரண்டு துண்டாக்கி நடுவில் சிறு முற்றம் விடுவதை யோசியுங்கள். 6க்கு 8 அடி முற்றம்கூடச் சூடான காற்றை மேலே விட உதவும். முற்றத்துக்கு மேல் பாலிகார்பனேட் தகடு போட்டு முழுவதும் மூடிவிடாதீர்கள். சூடு வெளியேற வழியில்லாமல் அதுவே அடுப்பாகிவிடும். தகடு போடத்தான் வேண்டும் என்றால் சுற்றிலும் ஓர் அடி இடைவெளி விட்டு உயர்த்திப் போடுங்கள்.

மேற்கே எதை வைப்பது? குளியலறை, மாடிப்படி, சாமான் அறை, வண்டி நிறுத்தும் இடம். பகலில் யாரும் அதிகம் தங்காத இடங்கள் எல்லாம் அந்தப் பக்கம் போகட்டும். எங்கள் இரண்டாவது வரைபடத்தில் கண்ணாடி ஜன்னல் போன இடத்தில் 8 அடி ஆழத் தாழ்வாரம் வந்தது. நான்கரை மணிக்கு மேல் தாழ்வாரத்துக்குள்ளும் வெயில் நுழையும். அதற்கு மூங்கில் தட்டி தொங்கவிட்டிருக்கிறோம்.

வாஸ்து பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் வரைபடம் அங்கேதான் இழுபறியாகிறது. கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், பெரிய படுக்கையறை வேண்டும் என்று என் தந்தை உறுதியாக இருந்தார். பகல் முழுவதும் சூடேறி இரவில் அந்தச் சூட்டை உள்ளே விடும் மூலை அது. சண்டை போடாமல் வழி கண்டோம். அறை அங்கேயே இருக்கிறது. மேற்குச் சுவர் முழுவதும் அலமாரி. அறைக்கு இணைந்த குளியலறை மேற்கு ஓரத்தில். ஜன்னல்கள் தெற்கில் மட்டும். மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியும் கன்னி மூலையில்தான் வர வேண்டும் என்றார். அதுவும் நல்லதாகப் போயிற்று. தொட்டியின் நிழல் அந்த அறையின் கூரைமேல் விழுகிறது. பெரியவர்களிடம் “வாஸ்து வேண்டாம்” என்று தொடங்காமல், வரைபடத்தை விரித்து வெயில் விழும் இடத்தைக் காட்டிப் பேசுங்கள்.

5. ஜன்னல், சன்ஷேடு: அளவை நீங்களே எழுதுங்கள்

எல்லா ஜன்னலுக்கும் ஒரே ஒன்றரை அடியோ இரண்டு அடியோ சன்ஷேடு போடுவது இங்கே வழக்கம். திசைக்குத் திசை அது எவ்வளவு நிழல் தருகிறது என்று பாருங்கள். மதுரையில் டிசம்பர் 21 நண்பகலில், தெற்கே 2 அடி சன்ஷேடு தனக்குக் கீழே 3 அடி வரை நிழல் தரும். ஜூன் 21 நண்பகலில், வடக்கே ஒன்றரை அடி சன்ஷேடு 6 அடிக்கு மேல் நிழல் தரும். மே மாதம் மாலை நாலேகால் மணிக்கு மேற்கே 2 அடி சன்ஷேடு தருவது ஒன்றேகால் அடி நிழல்தான். 4 அடி உயர ஜன்னலில் மீதி முழுவதும் வெயில். மேற்கே சன்ஷேடை நீட்டிப் பயனில்லை. அங்கே ஜன்னலைச் சிறிதாக்குங்கள், அல்லது துளைகள் விட்டுக் கட்டும் ஜாலிச் சுவர், தட்டி, கொடிப்பந்தல் என்று எதிரே ஒரு தடுப்பை நிறுத்துங்கள். வடக்கு ஜன்னலில் கோடைக் காலையிலும் மாலையிலும் வெயில் பக்கவாட்டிலிருந்து வரும். ஜன்னலின் இருபுறமும் சுவரிலிருந்து ஓர் அடி துருத்தும் செங்குத்துப் பலகை அல்லது கல் நிறுத்தினால் அந்த வெயிலும் தடுக்கப்படும்.

காற்றுக்கான அளவு தனி. எரிசக்தித் திறன் பணியகம் 2018இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதிநூல், வெப்பமும் ஈரப்பதமும் உள்ள மண்டலத்தில், திறக்கக்கூடிய ஜன்னல், கதவுப் பரப்பு, வீட்டின் கார்பெட் பரப்பில் (சுவர்களுக்குள் புழங்கும் தரைப்பரப்பில்) 16.66 சதவீதமாவது இருக்க வேண்டும் என்கிறது. 500 சதுர மீட்டருக்குக் குறைந்த மனைக்கு இந்த விதிநூல் பொருந்தாது. ஆனால் அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். 120 சதுர அடிப் படுக்கையறைக்கு 20 சதுர அடி திறப்பு வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் பெரிய கண்ணி இருக்கிறது. 5க்கு 4 அடி ஜன்னல் 20 சதுர அடி. ஆனால் அது இழுத்துத் திறக்கும் யுபிவிசி (கெட்டியான பிளாஸ்டிக்) ஜன்னல் என்றால் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும், 10 சதுர அடி. கீல் வைத்து முழுவதும் திறக்கும் ஜன்னலுக்கு 20ம் கிடைக்கும். விலைப்பட்டியலில் இழுவை ஜன்னல் மலிவாகத் தெரியும். பாதிக் காற்றுக்கு அந்த விலை என்று கணக்கிட்டுப் பாருங்கள். நாங்கள் பழைய வீட்டை இடிக்கும் இடத்திலிருந்து வேம்பு நிலைகளையும் இரட்டைக் கதவு ஜன்னல்களையும் வாங்கிச் சரிசெய்தோம். புது யுபிவிசியைவிடக் குறைவாகவே ஆயிற்று, ஆனால் தச்சருக்கு மூன்று வாரம் பிடித்தது.

ஒவ்வோர் அறைக்கும் இரண்டு பக்கம் திறப்பு இருக்கட்டும், ஒன்று காற்று வர, ஒன்று போக. இரண்டாவது பக்கம் வெளிச்சுவர் இல்லையென்றால் கதவுக்கு மேலே வென்டிலேட்டர் வையுங்கள். ஜன்னலின் கீழ் மட்டம் இரண்டரை அடியில் இருந்தால் படுத்திருப்பவர் மேல் காற்று படும்.

கொசுவலையை மறந்துவிட்டு இதையெல்லாம் செய்தால் வீண். உள்மாவட்டங்களில் கோடைப் பகலில் வெளிக்காற்று வீட்டுக்குள் இருப்பதைவிடச் சூடு. காலை எட்டு மணிக்கே ஜன்னல்களை மூடி, இரவு எட்டு மணிக்கு மேல் எல்லாவற்றையும் திறந்து, இரவுக் காற்றால் சுவரைக் குளிரவிட வேண்டும். கொசுவுக்குப் பயந்து இரவில் ஜன்னலைச் சாத்தும் வீட்டில் இது நடக்கவே நடக்காது. கதவு வெளியே திறக்க, கம்பி நடுவில், வலைச் சட்டம் உள்பக்கம் கீலில் திறக்க என்று வரைபடத்திலேயே குறியுங்கள். பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் கை உள்ளே போகாது, வெளிக்கதவைத் திறக்க முடியாது.

கடற்கரை ஊர்களில் இது மாறும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் இரவு அவ்வளவாகக் குளிராது. பிற்பகல் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும். அங்கே பகலிலும் திறந்து வைத்து, காற்று ஊடாட விடுவதே முக்கியம். தடித்த சுவர் அங்கே பெரிதாக உதவாது. உதகையிலும் கொடைக்கானலிலும் எல்லாம் தலைகீழ். அங்கே தெற்கு வெயிலை வரவேற்க வேண்டும்.

6. சுவர்: கையருகே கிடைப்பதைப் பார்த்து முடிவெடுங்கள்

எங்கள் சுவர்கள் எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்திக் கட்டுவது. உள்ளே வெற்றிடம் விழும், அது வெயில் சூட்டை மெதுவாகவே உள்ளே விடும். வழக்கமான 9 அங்குலச் சுவரைவிடச் செங்கல் ஏறத்தாழக் கால் பங்கு குறையும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை என்று பலருக்குத் தெரியும். தெரிந்த கொத்தனார்தான் அரிது.

எச்சரிக்கைகள்: ஒரே அளவுள்ள சேம்பர் செங்கல்லாக (பெரிய சூளையில் சுட்டது) வேண்டும். கோணல்மாணலான நாட்டுக்கல்லில் இது நிற்காது. முதலில் நான்கடிக்கு நான்கடி மாதிரிச் சுவர் கட்டிப் பாருங்கள். கலவை சிந்தி வெற்றிடத்தை நிரப்பிவிடக் கூடாது, பக்கத்திலிருந்து பாருங்கள். அஸ்திவாரத்துக்கு மேல் முதல் வரி, ஜன்னலுக்குக் கீழ், லிண்டலுக்கு (ஜன்னல், கதவுக்கு மேல் வரும் உத்தரத்துக்கு) கீழ், ஜன்னல் கதவு ஓரங்கள் ஆகியவை திடமாகவே வர வேண்டும். மின்குழாய் போகும் வழியைச் சுவர் எழுப்பும் முன் குறித்துவிடுங்கள். கட்டிய பிறகு வெட்டினால் செங்கல் உடையும். சுவரே எடையைத் தாங்கும் வீடு என்றால் கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்து அவசியம்.

மண் கட்டி விருப்பம் உள்ளவர்களுக்கு: ஆரோவில் புவி நிறுவனம் இதில் பயிற்சி தருகிறது. சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்திய கட்டிகள், சூளையில் சுடத் தேவையில்லை. மணல் பாதிக்குப் பக்கமும், களிமண் ஐந்தில் ஒரு பங்கும் உள்ள மண் ஏற்றது. கண்ணாடிச் சாடியில் மண்ணும் தண்ணீரும் குலுக்கி வைத்து அடுக்குகளை அளந்தால் முதல் கணிப்பு கிடைக்கும். கரிசல் மண் வேண்டாம். கட்டிகளை 28 நாள் ஈரத்தில் வைக்க வேண்டும். இதை மறந்து தேதி குறிக்காதீர்கள்.

7. கூரை: பணம் செலவழிக்க வேண்டிய ஒரே இடம் என்றால் இதுதான்

தரைத்தள வீட்டிலும் மேல்தளத்திலும் கோடைச் சூட்டின் பெரும்பகுதி கூரை வழியாகத்தான் வருகிறது. வெறும் கான்கிரீட் தளம் பகல் வெயிலைச் சேர்த்து வைத்து, இரவு பதினொரு மணிக்கு உங்கள் கட்டில் மேல் இறக்கும். மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளும்.

கட்டும் ஒப்பந்தங்களில் “வெதரிங் கோர்ஸ்” (கூரைமேல் போடும் வெயில், மழைத் தடுப்பு அடுக்கு) என்று ஒற்றை வரி இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. அந்த வரியை நீங்கள் அடுக்கடுக்காகப் பிரித்து எழுதி வாங்க வேண்டும். எங்களுடையது கீழிருந்து மேலாக: கான்கிரீட் தளம், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, வாட்டத்தோடு 3 அங்குலம் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு, அதன் மேல் வெள்ளை வெயில்தடுப்பு ஓடு. செங்கல் சல்லி அடுக்கைக் கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்க வேண்டும். அந்த வேலை தெரிந்த ஐந்து பெண்களைக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து தேடி அழைத்து வந்தோம். சல்லி அடிக்க ஆள் கிடைக்காவிட்டால் தளத்துக்கு மேல் வெப்பக் காப்புப் பலகை பதித்து, அதன்மேல் கலவையும் ஓடும் போடலாம். பலகை போட்டால் நீர்க்கசிவுத் தடுப்பை இரு மடங்கு கவனமாகச் செய்யுங்கள்.

வெள்ளை ஓட்டுக்கு ஓடு, கலவை, கூலி எல்லாம் சேர்த்து எங்களுக்குச் சதுர அடிக்கு 110 ரூபாய் ஆனது. 1,100 சதுர அடிக்கு 1,21,000. சல்லி அடுக்கு தனி. இவ்வளவு முடியாதவர்கள் முதல் கோடைக்குச் சுண்ணாம்பு அடித்துச் சமாளிக்கலாம். ஆண்டுதோறும் பங்குனியில் மறுபடி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய வீட்டில் இருப்பவர்களும் இதை நாளைக்கே செய்யலாம்.

தளத்தையே ஃபில்லர் ஸ்லாப் முறையில் போடலாம், நாங்கள் அப்படித்தான் போட்டோம். தளத்தின் கீழ்ப்பாதியில் கான்கிரீட் பெரிதாக வேலை செய்யாத இடங்களில் மங்களூர் ஓட்டையோ மண்சட்டியையோ வைத்துக் கான்கிரீட்டை மிச்சப்படுத்துவது. ஓடுகளை முதல் நாளே தண்ணீரில் ஊறவையுங்கள். இல்லாவிட்டால் கான்கிரீட்டின் ஈரத்தை அவை உறிஞ்சிக்கொள்ளும். தளம் போட்ட பிறகு பாத்தி கட்டி 14 நாளாவது தண்ணீர் நிறுத்துங்கள்.

8. இப்போது அனுமதி

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்றுத் திட்டத்தைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ தரையும் ஒரு மாடியுமோ கட்டுவதற்கு, ஒற்றைச்சாளர இணையதளத்தில் ஆவணங்களையும் வரைபடத்தையும் பதிவேற்றி, கட்டணம் செலுத்தினால் அனுமதி உடனே வந்துவிடும். கட்டணம் சதுர அடிக்கு இவ்வளவு என்று, மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிக்கு ஏற்ப மாறும். அனுமதித் தாள் கையில் கிடைக்கும் வேகம் பெரிய உதவி. ஆனால் உங்கள் வரைபடத்தில் மேற்கே கண்ணாடி இருக்கிறதே என்று யாரும் கேட்கப்போவதில்லை. மேலே சொன்ன ஏழும் முடிந்த பிறகே பதிவேற்றுங்கள்.

இரண்டு விஷயம் பாருங்கள். இத்திட்டம் தொடங்கியபோது உயர வரம்பு 7 மீட்டர்; இப்போதைய வரம்பை இணையதளத்தில் பாருங்கள். அஸ்திவார மேடை 2 அடி, இரண்டு தளங்களும் தலா பத்தரை அடி என்றால் 23 அடி, 7 மீட்டரைத் தொட்டுவிடும். உயரமான கூரை வேண்டும் என்றால் இதை முன்பே கணக்கிடுங்கள். அடுத்து, சுற்றி விட வேண்டிய காலியிடம் மனையின் அளவையும் சாலையின் அகலத்தையும் பொறுத்து விதிகளில் இருக்கிறது. விதி கேட்பது குறைந்தபட்சம். உங்களுக்கு எந்தப் பக்கம் காற்று வருகிறதோ அந்தப் பக்கம் கூடுதலாக விடுங்கள். நாங்கள் தெற்கே 5 அடி விட்டோம்.

9. ஒப்பந்தமும் வங்கியும்

சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும்போது எதெல்லாம் சேராது என்று கேட்டு எழுதுங்கள். கீழ்நிலைத் தொட்டி, சுற்றுச்சுவர், மழைநீர்க் குழி, கூரை அடுக்குகள், கொசுவலை ஆகியவை பெரும்பாலும் சேராது. முத்திரைத்தாள் ஒப்பந்தத்தில் குறுக்குவெட்டுப் படங்களை இணைத்து ஒவ்வொரு தாளிலும் இருவரும் கையெழுத்திடுங்கள். தவணைப் பணத்தை வேலை நிலையோடு கட்டுங்கள். கடைசித் தவணை கூரை ஓடு பதித்து, தண்ணீர் நிறுத்திப் பார்த்த பிறகுதான்.

வீட்டுக்கடன் வாங்குவதாக இருந்தால் சுவர், கூரை முறையை வங்கியிடம் முதலிலேயே சொல்லுங்கள். எலிப்பொறிக் கட்டையும் ஃபில்லர் தளத்தையும் பார்த்து எங்கள் வங்கியின் மதிப்பீட்டாளர் தயங்கினார். கட்டமைப்புப் பொறியாளரின் உறுதிச் சான்றும் கணக்கீட்டுத் தாளும் கொடுத்த பிறகே இரண்டாம் தவணை வந்தது. ஆறு வாரம் வேலை நின்றது.

10. காலக் கணக்கு

மண் கட்டி அறுப்பதோ செங்கல் வாங்குவதோ மழை விட்ட தை, மாசியில். அஸ்திவாரமும் அப்போதே. பங்குனி முதல் ஆனி வரை சுவர். ஆடியில் தளம். பலர் ஆடியில் வேலை தொடங்க மாட்டார்கள், நடந்துகொண்டிருக்கும் வேலைக்கு அது தடையில்லை. கூரை அடுக்குகள் புரட்டாசிக்குள் முடிந்தாக வேண்டும். ஐப்பசி மழை உங்கள் வேலையைச் சோதித்துக் காட்டும். கசிவு தெரிந்தால் உள்பூச்சுக்கு முன்பே சரிசெய்யலாம். நாங்கள் உள்ளே சுண்ணாம்புப் பூச்சு செய்தோம். மழைக்காலத்தில் அது காய வழக்கத்தைவிட இரு மடங்கு நாளானது. அதற்கு இடம் விடுங்கள்.

11. மழைநீர், மரம், சூரிய மின்சாரம்

மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை 4,600 லிட்டருக்கு மேல் தரும். பெயருக்கு ஒரு குழி தோண்டாமல், முதல் பங்கைக் கீழ்நிலைத் தொட்டிக்கு வடிகட்டி அனுப்பி, மிச்சத்தைக் குழிக்கு விடுங்கள்.

மேற்கே புங்கையோ வேம்போ நடுவதை அஸ்திவாரம் தோண்டும் மாதமே செய்யுங்கள், சுவரிலிருந்து 10 அடியாவது தள்ளி. வீடு முடியும்போது ஓர் ஆண்டுக் கன்றாக இருக்கும்.

சூரிய மின்தகடு கடைசி. முதலில் வீட்டைக் குளிரவையுங்கள், தேவை குறையும். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். பொருத்துவதற்கு முன்பே தேசிய இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பட்டியலில் உள்ள நிறுவனத்திடம் மட்டும் வாங்க வேண்டும். மின் இணைப்பு விண்ணப்பதாரர் பெயரில் இருக்க வேண்டும். எங்கள் மனையின் இணைப்பு என் தந்தை பெயரில் இருந்தது, பெயர் மாற்றவே ஒரு மாதமானது. தகடுகளைத் தளத்திலிருந்து உயர்த்திப் பொருத்தினால் அவற்றின் நிழலும் கூரைக்குக் கிடைக்கும். கால்களை ஓடு பதிக்கும் முன்பே தளத்தில் நிறுத்திவிடுங்கள். பிறகு துளையிட்டால் அங்கேதான் ஒழுகும்.

குடிபுகுந்த பின் ஆண்டுக்கு ஒரு வேலை மீதியிருக்கும். மழைக்காலப் பாசியும் தூசியும் வெள்ளை ஓட்டைக் கருக்கச் செய்யும், கருத்த ஓடு வெயிலைத் திருப்பி அனுப்பாது. மாசிக் கடைசியில், கழுவும் தண்ணீர் தொட்டிக்குப் போகாதபடி மழைநீர்க் குழாயின் வால்வை முதலில் மூடிவிட்டு, தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுங்கள்.